முப்பத்தேழு பாகை

மரியதாசின் மலம் காலை ஆறரைக்கு வந்து சேர்ந்தது.
ஆறவிடாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.
பழைய பிளாஸ்கில் இட்டு, துவாயால் சுற்றி,
சைக்கிள் கரியரில் கட்டி,
இரணைமடுக் காற்றில் அரைமணி நேரம்.
"மூண்டு மாசமா ஒரு குளிசையும் போடேல்லை மிஸ்"
என்றார், வாக்குமூலம் கொடுப்பவர் போல.

கரைத்து, வடித்து, காற்றை வெளியேற்றி
எட்டுக் குப்பிகளில் ஊற்றினேன்.

உழுந்துக்குப் பொறுமையில்லை.
நாலாம் மணியிலேயே சிரிஞ்சின் தண்டைத் தள்ளியது,
முதல் பந்திக்கு இடம்பிடிக்க ஓடுகிறவர் மாதிரி.
வாழைப்பொத்தி கொஞ்சம் யோசித்தது.
குரக்கன் தவிடு
வரம்பு வெட்டுகிறவனின் மூச்சாக
நாள் முழுக்க ஒரே சீர்.
ஒடியல்மா மட்டும் அடியில் குந்தியிருந்தது.
பத்தாம் மணி. வாயு: பூச்சியம்.

எட்டாவது குப்பியில் உணவே இல்லை,
நுண்ணுயிர் மட்டும்.
நார் கிடைக்காவிட்டால் அதுகள்
குடற்சுவரின் சளிப்படையைச் சுரண்டித் தின்னும்
என்று சொன்னேன்,
பின்னேரம் பிளாஸ்க் எடுக்க வந்தவர் கேட்டபடியால்.
வாசலில் செருப்பைப் போட்டபடி நின்றார்.
"கூரைத்தடியை முறிச்சு எரிச்சுக்
கஞ்சி வச்ச ஆக்கள் நாங்கள்.
அதுகளைக் குறை சொல்லேலாது."

இரவு பதினொன்றுக்குக் கரண்ட் போனது.
அறிவியல்நகர் முழுக்க இருட்டு.
ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை என்று
காவலாளி ரோச்சை ஆட்டிச் சொன்னான்.
இன்கியுபேற்றர் இறங்கத் தொடங்கியது,
முப்பத்தாறு, முப்பத்தைந்தரை.
ஆறு குப்பிகளை வயிற்றோடு அணைத்து
வெள்ளைக் கோட்டின் மேலால் துவாயை இறுக்கினேன்,
அக்குளில் இரண்டு.
தண்டுகள் நெஞ்சில் குத்த
கதிரையில் அசையாமல்.

அப்போதுதான் கேட்டது:
மத்தியானத்து மரவள்ளியும் பயற்றங்காயும்
எனக்குள்ளே எங்கோ ஒரு வளைவில்
கடமுடவென்று உடைபட்டன.
தோலுக்கு இந்தப்பக்கம் எட்டு.
அந்தப்பக்கம் கணக்கில்லை.
எந்தப் பொருமல் யாருடையது
என்று பிரித்தறிய முடியவில்லை.
சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது,
குப்பிகள் குலுங்கும்.

விடியப்புறம் லைற் வந்தபோது
ஒடியல்மாவின் தண்டு
ஒன்றரை மில்லிலீற்றர் ஏறி நின்றது.
பூச்சியத்தை அழிக்கவில்லை.
பக்கத்தில் 'பிந்தி' என்று எழுதினேன்.

இன்கியுபேற்றர் இலக்கம் என்ற கட்டம்
இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.
அதில் என் பெயரைப் போடலாமா என்று
பேராசிரியரைக் கேட்க வேண்டும்.