சீரம் வெளுத்த நாள்

ஷஹானியா, அதிகாலை மூன்றரை.
சென்ட்ரிஃபியூஜ் நின்றதும்
குழாயை விளக்கில் பிடிக்கிறேன்.
தெளிந்து நிற்க வேண்டிய சீரம்
கஞ்சித் தண்ணீராய் வெளுத்திருக்கிறது.

ஐந்து நாளாய் அவள் புல்லை முகரவும் இல்லை.
பிறகு எங்கிருந்து இத்தனை கொழுப்பு?

இத்ரீஸ் திமிலில் சாண் வைத்துக் காட்டுகிறான்.
போன வாரம் இரண்டு.
இன்று ஒன்றரை, அதுவும் ஒருபக்கம் சாய்ந்து.
"வெயில்" என்கிறான்.

வெயில் இல்லை, இத்ரீஸ்.
பாதத்துப் புண்வழி கிருமி நுழைந்த அன்றே
திமில் தன் பூட்டைத் தானே திறந்துவிட்டது.
மணலைக் கடக்கவென்று சேர்த்த நெய்
ஈரலுக்கு இறங்கி
இரத்தத்தில் பொடித்துளிகளாய் அலைந்து
நஞ்சைக் கண்ட இடத்தில் போர்த்தி அமுக்குகிறது.
கொஞ்சம் கிருமியும் தின்னும்.
யாருக்கு எவ்வளவு என்று
என் இயந்திரம் பிரித்துச் சொல்லாது;
ஒரே எண், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

ஒன்பதாம் நாள் சீரம் தெளிந்தது.
இத்ரீஸ் பேரீச்சை கொண்டுவந்தான்,
அவளுக்குக் கொட்டை நீக்கி,
எனக்குக் கொட்டையோடு.

திமில் மட்டும் சரிந்தே கிடக்கிறது.
அடுத்த பருவ ஓட்டப் பட்டியலில்
அவள் பெயர் இல்லை.
இத்ரீஸ் இன்னும் தினமும்
சாண் வைக்கிறான்.