கழித்ததற்குக் கூலி

கருமத்தம்பட்டி வரைக்கும் நல்லாத்தானுங்க வந்துது,
அப்பறந்தான் இருமுது, என்றார் சென்னியப்பன்.
நூறு வயது தாண்டிய வண்டி.
ஆடிக் காற்றில் அதன் பித்தளை விளக்கு இரண்டும்
அவிநாசி ரோட்டுப் புழுதியைத் தின்றிருந்தன.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன்.
கருத்த எபோனைட் கிண்ணம்.
உள்சுவரில் நான்கு பித்தளைக் கட்டைகள்,
சிலிண்டருக்கு ஒன்று.
நடுவில் சுழலும் ஒரு கை.
கையின் நுனியில் வில் தள்ளிப் பிடித்த
கரித்துண்டு, புளியங்கொட்டையில் பாதி.
சுற்றுக்குச் சுற்று அது சுவரை நக்கிப் போகிறது:
பித்தளை, எபோனைட்,
பித்தளை, எபோனைட்.

நக்கிய தடமெல்லாம் கரி.
கரிப்பொடிக்கு மின்சாரம் கடத்தத் தெரியும்.
ஒன்றாவதுக்குப் போகவேண்டிய பொறி
பொடிமேல் ஊர்ந்து
மூன்றாவதில் வெடிக்கிறது.
அதைத்தான் இருமல் என்கிறார்.

பங்காளி திருமூர்த்தி
எதையும் எண்ணெயால் தீர்ப்பவன்.
வாசலின் தடவினான்.
பொடி குழம்பாகி இன்னும் கெட்டியாய் ஒட்டியது.
நான் வில்லில் அரைச்சுற்று வெட்டினேன்.
உரசல் குறைந்தது,
சூலூர் மேட்டில் கரித்துண்டு துள்ளி
வண்டி நடுரோட்டில் நின்றது.
தடத்தைத் தேய்த்து மெருகேற்றினேன்.
எட்டு நாள் ஓடியது.
ஒன்பதாம் நாள்
டாட்டா ஏஸ் முதுகில் ஏறி வந்தது,
சீக்காளி மாதிரி.

அன்று ராத்திரி கணபதியில் கரண்டு இல்லை.
எதிர் பவுண்டரியில் மட்டும் இரும்பின் வெளிச்சம்.
காயில் ஒயரை எஞ்சின்பக்கம் நீட்டி
திருமூர்த்தியைப் பிளாட்டினத்தைத் தட்டச் சொன்னேன்.
சுண்டுவிரல் தடிப்புக்கு
நீலமாய்த் தாவியது.

தாவத் தெரிந்ததை
எதற்கு இழுத்துக்கொண்டு போகிறோம்?

கரித்துண்டைப் பிடுங்கினேன்.
பித்தளைத் தகடு ஒன்றை அராவி
கையின் நுனியில் வைத்தேன், சுவரைத் தொடாமல்.
ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டை
உள்ளே போகணும்.
இரண்டு போகக் கூடாது.
அட்டையில் மணமக்கள் பேரை
நான் பார்க்கவில்லை.

மூடியில் காற்றுக்கு ஒரு துளை.
காலையில் வண்டி பிடித்ததும் துளைக்குள்
நீல எறும்புகள் ஓடின.
இடி விழுந்த தென்னந்தோப்பு வாசம்.

'மல நடுவுல எடம் விட்டதாலதானே
பாலக்காட்டுக் காத்து இங்க வருது' என்றான் திருமூர்த்தி.
அதையும் பில்லில் சேர்த்துக்கட்டுமா என்றேன்.

எல்லா உரசலும் போய்விடவில்லை.
மூடியின் நடுவில் ஒரு கரிப்பொட்டு
கையின் தலையைத் தொட்டுத்தான் ஆகவேண்டும்;
மின்சாரம் உள்ளே வர வேறு வாசல் இல்லை.
கேம்மேல் பைபர் குதிங்கால் தேயும்.
அதற்கு அரிசியளவு கிரீஸ்.
தண்டின் கம்பளித் திரிக்கு ஒரு சொட்டு எண்ணெய்.
ரெண்டு சொட்டு விட்டால் மறுபடி இங்கேதான் வருவீர்கள்
என்று சொல்லி வைத்தேன்.

சென்னியப்பன் சோமனூர் வரை போய்த் திரும்பினார்.
இருமல் இல்லை.
'ஏனுங்க, புதுசா என்ன போட்டீங்க?'
எடுத்தேனுங்க.
'எடுத்ததுக்கா காசு?'

திருமூர்த்தி திரும்பி நின்று சிரித்தான்.
நான் பில் புத்தகத்தை விரித்தேன்.
விவரம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
இடைவெளி, ஒன்று?
அளவு, ஓர் அட்டை?
பேனாவும் அந்நேரம் பார்த்து எழுத மறுத்தது.

மேசைமேல் கிடந்தது
பிடுங்கிய கரித்துண்டு.
அதை எடுத்துத் தாளில் அழுத்தினேன்.
பழகிய வேலைபோல
கருப்பாய், பொடி உதிர,
தாராளமாய்த் தேய்ந்தது:

ரூ. 1,850.