கூட்டல்

வரி அலுவலகத்தில் எனக்கு இருபத்தாறு வருடம்.
மீன் பண்ணைக்காரர், முடி வெட்டுபவர்,
கலைமான் இறைச்சி விற்கும் கூட்டுறவுச் சங்கம்,
யார் வந்து உட்கார்ந்தாலும்
துருவித் துருவிக் கேட்பேன்.
மாலை ஆறு மணிக்கு மேல்
துருவையே துருவுகிறேன்.

அறுபத்தெட்டாம் வருடத்து ஸாப்.
லூலியோவுக்கு வெளியே ஒரு வைக்கோல் கொட்டகையில்
நாலு சக்கரமும் காற்றிறங்கி உட்கார்ந்திருந்தது.
செத்தவர் வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில்
ஆறாயிரம் குரோனா என்றார்கள்.
ஐந்தாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடித்தேன்.
ஐந்நூறு மிச்சம் பிடித்த பெருமையில்
அன்றிரவு தூக்கமே வரவில்லை.

வீட்டுக்கு இழுத்து வந்து
கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால்
அடியில் வண்டியின் தரை இல்லை.
என் கராஜின் தரை இருந்தது.

வெல்டர் எய்னோ எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள்.
வாரத்துக்கு ஏழு வார்த்தை பேசுவான்.
கதவுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவரால் குத்தினான்,
கைப்பிடி வரை உள்ளே போனது.
"இது பெயிண்ட். கார் இல்லை."
நாலு வார்த்தை செலவாகிவிட்டது.
மணிக்கு அறுநூறு,
ஒன்பது சனிக்கிழமை,
அதில் ஒன்று அவன் பொருத்தியதை அவனே பிரிப்பதற்கு.

எஸ்தோனியாவிலிருந்து ஒரு மட்கார்டு வரவழைத்தேன்.
விலை எண்ணூறு, அனுப்பும் செலவு இரண்டாயிரத்து நானூறு.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்;
கணக்கு அப்படியே நேர்.
பிரித்தால், இடப்பக்கத்து மட்கார்டு.
கெட்டுப்போயிருந்தது வலப்பக்கம்.
இன்றைக்கு என்னிடம்
மிக நல்ல இடது மட்கார்டுகள் இரண்டு இருக்கின்றன.

கடைவாய்ப் பல்லுக்கு உறை போடப்
பன்னிரண்டாயிரம் ஒதுக்கி வைத்திருந்தேன்.
அது பம்பர்களுக்கு உறை போடப் போனது,
குரோமியத்தில்.
அன்று முதல் இடப்பக்கமாகவே மெல்லுகிறேன்.
பம்பருக்கு முன் குனிந்து வாயைத் திறந்தால்
அந்த ஓட்டை பளிச்சென்று தெரிகிறது.

தங்கை சிக்னே போனில் கேட்டாள்,
ஜூனில் லிஸ்பன் போகலாமா என்று.
கியர்பாக்ஸ் என்றேன்.
"அது எந்த நாட்டில்?" என்றாள்.
வேறு யாருடனோ போய்வந்தாள்.
மத்தி மீன் படம் போட்ட அஞ்சலட்டை வந்தது.
என்ன எழுதியிருந்தாள் என்பதை
இங்கே சொல்லமாட்டேன்.

"எவ்வளவு ஆச்சு?" என்பான் யெர்கெர்.
பாதி சொல்வேன்.
கணவன் தலையாட்டுவான், காப்பியை ஊதுவான்.
உறைந்த ஏரியில் துளை போடும் அவன் இயந்திரத்துக்கும்
எனக்குச் சொன்ன விலை பாதிதான்.
ரசீதை நான் பார்த்திருக்கிறேன்,
கோட்டுப் பையில், நாலாக மடித்து.
அந்த ஒரு கணக்கை மட்டும் நான் துருவவில்லை.

இஞ்சி பிஸ்கட் டப்பாவில்
ஆறு வருட ரசீதுகள்.
ஊர்க் கணக்கையெல்லாம் கூட்டுகிறவள்
இதைக் கூட்டியதில்லை.
இன்சூரன்ஸுக்கு மதிப்புப் போட வந்த பெர்த்தில்
டப்பாவைக் கேட்டார்.
சமையல் மேஜையில் வைத்து இரண்டு பேரும் கூட்டினோம்.
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது.
வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து
நாற்பதாயிரம் என்று எழுதினார்.
மீதி? என்றேன்.
"மீதி உங்களுடையது."
முகம் நிமிரவில்லை, பேனாவை மூடினார்.
நானும் அப்படித்தான் மூடுவேன்,
எதிரே இருப்பவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போது.

மே மாதம். சாலையில் உப்பு கழுவிப் போய்விட்டது.
ஆற்றுப் பக்கம் இறங்கும் மேட்டில் காலை எடுத்தேன்.
இந்த வண்டியில் அப்படியொரு ஏற்பாடு:
காலை எடுத்தால் இன்ஜின் சக்கரங்களை விட்டுவிடும்,
தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும்,
வண்டி மட்டும் போகும்.
பிர்ச் மரங்கள், தபால் பெட்டிகள்,
கையசைக்காத ஒரு பையன்.
ஒன்றரைக் கிலோமீட்டர்,
செலவு ஒன்றுமில்லை.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால்,
பின்பக்கம், வலது ஓரம்,
டக் டக் என்று ஒரு சத்தம்.
நேற்று இல்லை.

ரேடியோவைக்
கூட்டினேன்.