நாலாவது கட்டம்

ஜெராக்ஸ் புத்தகத்தில் மூன்று கட்டங்கள்.
முதலில் இத்தாலியன்,
அடுத்து அதன் பொருள், இங்கிலீஷில்,
மூன்றாவது வாயில் எப்படி வரவேண்டும் என்பது,
அதுவும் இங்கிலீஷில்.
மிச்சமிருந்த வெள்ளையில் பென்சிலால் கோடிழுத்து
நாலாவதை நான் போட்டேன்.
களியக்காவிளையில் ஏறி பாறசாலையில் இறங்குவதற்குள்,
நைட் டூட்டிக்குப் போகிற பஸ்ஸில்,
அரைப் பக்கம் முடியும்.

புவோன ஸேரா. மாலை வணக்கம்.
டோவே லே ஃபா மாலே. எங்கே வலிக்கிறது.
(இதை மட்டும் ஐம்பது தடவை.)
பெர்மெஸ்ஸோ. அடுத்தவர் வீட்டுக்குள்
கால் வைக்குமுன் சொல்வது.
நாங்கள் வாசலில் நின்று
"ஆளில்லியா?" என்போம்.

மி கியாமோ ஃப்ளாரன்ஸ்.
என் பெயர்தான் அது.
அங்கே ஓர் ஊருக்கும் அதே பெயராம்.
அந்த ஊர்க்காரர்கள் மட்டும் அப்படிச் சொல்வதில்லையாம்,
ஃபிரென்ஸே என்கிறார்களாம்.
இதைச் சொன்னதற்கு
மார்த்தாண்டம் ஏஜென்சியில் வின்ஸ்லாஸ் சிரிக்கவில்லை.
"பி ஒண்ணு பாஸாவணும், அதாக்கும் முக்கியம்."

குளியலறைக்கு மூன்றாம் கட்டத்தில்
பான், ஒரு சின்னக் கோடு, அப்புறம் யோ.
இங்கிலீஷ் படுகிற பாடு.
நான் பாஞ்ஞோ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.
ஞாயிறு, ஞாபகம், ஞானஸ்நானம்,
அதற்குமேல் எங்களிடம் வேலையில்லாமல் கிடந்த எழுத்து.
செக்போஸ்ட் தாண்டினால்
'ஞான், ஞான்' என்று நாள் முழுக்க ஓடுகிற எழுத்து.
சிஞ்ஞோரா, கொஞ்ஞோமே, லஸாஞ்ஞா.
இத்தாலியில் வேலை கிடைத்துவிட்டது அதற்கு,
எனக்கு முன்னால்.

வயது சொல்லும்போது ஆன்னி என்று அழுத்தணும்,
ஒரு 'ன்' விழுந்தால் மானம் போகும் என்றாள்
ஆன்லைன் டீச்சர். என்னவென்று சொல்லவில்லை,
கேமராவை அணைத்துவிட்டுச் சிரித்தாள்.
படிக்கும் பட்டிக்கும் வித்தியாசம் தெரிந்தவர்களிடமா
ஒற்றைப் பற்றி.

வார்டில் சொல்லக்கூடாதது ஒன்று: சாவ்.
வரும்போதும் அதுதான்,
போகும்போதும் அதுதான்.

இரவு இரண்டரை. ஏழாம் கட்டில், ஞானதாஸ்.
ரப்பர் வெட்டப் போன இடத்தில் வழுக்கி
இடுப்பெலும்பு.
"மோளே, திங்களாச்ச விடுவினுமா என்னை?"
நான் பதினோராம் பக்கத்தில் இருந்தேன்.
தலையைத் தூக்காமல்
சீ, என்றேன்.
ஆமாம் என்பதற்கு அங்கே அதுதான்.

அவர் பேசவில்லை.
சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தார்,
முகத்தை மட்டும்தான் திருப்ப முடிந்தது.

ஓடிப்போய் டார்ச் அடித்து
புத்தகத்தை அவர் கண்ணுக்கு நேரே பிடித்து
விரல் வைத்துக் காட்டினேன்.
நாலு கட்டத்தையும் வாசித்தார்,
நாலாவதில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார்.
"ஆமான்னு சொல்லதுக்கு அவியளுக்கு சீயா?"
"ஆமா."
"பொறவு நம்ம சீக்கு என்ன சொல்லுவினும்?"

பதினாலு பக்கத்திலும் தேடினேன். இல்லை.
முன்பின் தெரியாத ஒருவரின் மலத்தை
அள்ளப் போகிறவளுக்கு
அது வேண்டாமென்று விட்டிருக்கலாம்.

விடியுமுன் டெம்பரேச்சர் பார்க்கப் போனபோது
மறுபடி கேட்டார், திங்களாச்சயா என்று.
கேஸ் ஷீட்டில் டாக்டர் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
எக்ஸ்ரேயைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை இல்லை.
நோன் லோ ஸோ, என்றேன்.
தெரியாது.
பொருள் கேட்கவில்லை அவர்.
தெர்மாமீட்டருக்காகக் கையைத் தூக்கிக் கொடுத்தார்.

நூற்றிரண்டு.
அதை இத்தாலியனில் எப்படிச் சொல்வதென்று
அடுத்த பக்கத்தில் இருக்கும்.
முதலில் டாக்டருக்குப் போன் செய்தேன்.