திருத்தப்பட்டவை: பதினான்கு

இரவு இரண்டு பத்து. ரீகா துறைமுகத்தில்
பனி உடைக்கும் கப்பல் ஒன்று முனகிக்கொண்டே போகிறது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் ஆளுயரப் பெட்டி:
ஒரே இரும்பு, ஒரே மின்சாரம்,
நாலு குடித்தனம்.

முதல் பாகத்தில் சுங்கக் கணக்கு.
இரண்டில் பளுதூக்கிகளின் நேர அட்டவணை.
மூன்றில் சம்பளம்.
நாலாவது சோதனைக்கென்று ஒதுக்கியது; அதில்
ஓஸ்வால்ட்ஸ் இரவெல்லாம் சதுரங்கம் ஆடுகிறான்,
நான் கண்டுகொள்வதில்லை.

சுங்கத்துக்குச் சம்பளம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.
சம்பளத்துக்கோ தானே முழு உலகம்.
உனக்கு எத்தனை செயலி என்றால் எட்டு என்னும்,
உலகில் எத்தனை என்றாலும் எட்டு என்னும்.
ஒரே கூரைக்குள் முப்பத்திரண்டு இருப்பதை
நான் சொன்னால்தான் உண்டு. சொல்ல மாட்டேன்.
சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
இந்தச் சுவருக்கு இல்லை,
அதற்குத்தான் இத்தனை விலை.

மேலாண்மைத் திரை. கடவுச்சொல். மறுபடி கடவுச்சொல்;
விரல் விறைத்திருக்கிறது.
செயலி நிலை: பச்சை, பச்சை, பச்சை,
நாலாம் பாகத்தில் ஒன்று சாம்பல்.
பழுதில்லை அது, நவம்பரில் நானே ஓய்வு கொடுத்தது.
நினைவக நிலை:
மூன்றாம் பாகம், ஏழாம் பலகை, ஓரத்துக் குச்சி
மஞ்சள்.

திருத்தப்பட்ட பிழைகள்: பதினான்கு.

எங்கோ ஒரு பூஜ்யம் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான் பிழை.
நினைவகம் தானே கண்டுபிடித்து, தானே சரிசெய்து,
யாரையும் எழுப்பாமல்
எண்ணிக்கையை மட்டும் எழுதி வைத்திருக்கிறது.
யார் சம்பளத்திலும் ஒரு காசு குறையவில்லை.
இருபது வரை விடலாம் என்பது கையேடு.
முப்பது வரை விடலாம் என்பது பகல்வேலை வல்திஸ்.

எங்கள் வீட்டு வாசலில் நாலு அழைப்புமணி,
சோவியத் காலத்தில் கூறுபோட்ட வீடு.
இன்று அடிப்பவை இரண்டு: என்னுடையது, ஹரால்ட்ஸுடையது.
விவாகரத்துக்குப் பிறகு வாங்க ஆள் வரவில்லை,
நடுவில் ஜிப்சம் பலகை வந்தது.
மின்மீட்டர் இரண்டானது. தபால்பெட்டி இரண்டானது.
கணப்பை மட்டும் அறுக்க முடியவில்லை;
சுவருக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி.
யார் விறகு வைத்தாலும் இருவருக்கும் சூடு.
கணக்கில் சேராத ஒரே பொருள் அது.

அவன் ஓட்டும் பளுதூக்கி இரண்டாம் பாகத்தில் இருக்கிறது,
அவன் கூலி மூன்றாம் பாகத்தில்.
எட்டிப் பார்த்தாயா என்று என் தங்கை விஸ்மா கேட்கிறாள்.
எப்படிப் பார்ப்பது?
இந்தத் திரை நிலைமையை மட்டும்தான் சொல்லும்.
சூடு எவ்வளவு, சுமை எவ்வளவு,
எத்தனை தடவை தவறித் திருத்திக்கொண்டது.
உள்ளே என்ன நினைவு என்பது
எனக்குத் தரப்பட்ட அனுமதியில் இல்லை.

செவ்வாய் இரவு அந்தப் பக்கம் இருமல்: பதினொன்று.
புதன்: பதினான்கு, அல்லது பதினைந்து;
நடுவில் கண்ணயர்ந்துவிட்டேன்.

இருபது வரை காத்திருக்க மனமில்லை.
நாலாம் பாகத்தை அணைத்தேன்,
அதன் பலகை ஒன்றைச் சம்பளத்துக்கு எழுதினேன்.
மூன்று கட்டளை, ஒரு ‘ஆம்’.
சம்பளம் ஆறு நிமிடம் கண்மூடி விழித்தது.
தனக்குள் இருப்பது பக்கத்து வீட்டுப் பலகை என்று
அதற்குத் தெரியாது. எப்போதும் போல
எட்டு என்றது.

தொலைபேசி அலறியது.
‘என் குதிரை எங்கே?’ என்றான் ஓஸ்வால்ட்ஸ்.
‘நாலு நகர்வில் ஜெயித்திருப்பேன்.’
போய்த் தூங்கு என்றேன்.

காலை ஏழரை, இன்னும் இருட்டு.
காலணியைக் கழற்றுவதற்கு முன்
கணப்பில் விறகு வைத்தேன், வழக்கத்தைவிட இரண்டு அதிகம்.
ஓடு சூடேறக் கால்மணி ஆகும்.
கோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பக்கம்
ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்,
ஜன்னல் பக்கமிருந்து
கணப்புப் பக்கமாக.