தலைகீழான ஒன்பது

இருபத்திரண்டு வருசம் தறி ஓட்டியதில்
காது போனது எனக்கு.
அப்புறம் தறியும் போனது,
பழைய இரும்பு விலைக்கு.
வீட்டுக்காரி பிள்ளையோடு காங்கயம் போய்விட்டாள்.
ஆனாலும் தறி நிற்கவில்லை.
ராத்திரியெல்லாம் மண்டைக்குள்
நாடா போய்ப் போய் வந்தது.

சோமனூர்த் தண்டவாளத்தைப் பார்த்து நடந்த
ஒரு சனிக்கிழமை சாயங்காலம்
கோயில் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்
என்னமோ சொன்னார். கேட்கவில்லை.
கயிற்று முனையை என் கையில் திணித்துவிட்டு
ஏணி ஏறிவிட்டார்.
விட்டால் விழுந்துவிடுவார்.
பிடித்துக்கொண்டு நின்றேன்.
ரயில் போனதைப் பாதம்தான் சொன்னது.

அவர் பஞ்சர் கடை ஓபேத்.
மறுநாள் அசனத்தில் எனக்கும் ஓர் இலை விழுந்தது.
அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும்
பாட்டுப் புத்தகத்தில் வரிக்கு வரி
எனக்காக ஊரும் அவர் விரல்,
நகக்கண்ணில் டயர்க் கரி.
பெஞ்சுப் பலகையில் உள்ளங்கை வைத்தால்
ஆர்மோனியம் எறும்புபோல ஏறும்.

கார்த்திகையில் ஆயர் ஒரு டப்பா கொடுத்தார்.
தகர எண்கள்.
பாட்டு நம்பரைப் பலகையில் மாட்டுவது
இனிமேல் என் பொறுப்பாம்.
செவிடனிடமா என்று காதைத் தொட்டுக் காட்டினேன்.
காணிக்கைக் கவரின் பின்னால் எழுதினார்:
'நீங்கதானுங்க மாட்டோணும்.'

அக்கினி நட்சத்திரம். கரண்ட் இல்லை.
முப்பத்தொன்பது மாட்ட வேண்டியவன்
ஒன்பதைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன்.
ஓபேத்தின் விரல் வேறு பக்கத்தில் ஊர்ந்தபோதுதான்
பகீரென்றது.
நிமிர்ந்தால், சபையே பாடுகிறது.
கிருபாவதி டீச்சரின் தோள் சிரிப்பில் குலுங்குகிறது,
முன்வரிசைப் பொடுசுகள் கைதட்டுகின்றன,
வேர்த்து ஒழுகும் முகங்களில்
உதடுகள் ஒட்டிப் பிரிந்து ஒட்டுகின்றன:
பெத்லகேம், பெத்லகேம்.
யாரும் எழுந்துபோய்த் திருத்தவில்லை.
நாலு சரணமும் பாடினார்கள்.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாமென்று
திங்கட்கிழமை போனேன்.
ஆயர் இல்லை. ஆயரம்மா
காப்பியை நீட்டினார், டப்பாவை வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு பார்த்தால்
ஒன்பதுகள் எல்லாவற்றின் காலடியிலும்
சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு.
ஓபேத்தின் நகக்கண்ணில் அந்த வாரம்
கரியோடு கொஞ்சம் சிவப்பு.

தறி இன்னும் ஓடுகிறது, சில ராத்திரிகளில்.
டப்பா ஜன்னல் மேல் இருக்கிறது.
ரயில் போகும்போதெல்லாம் அது
கிலுகிலுவென்று ஆடுகிறதாம்,
பக்கத்து வீட்டுப் பையன்
கைகளால் ஆட்டிக் காட்டினான்.