ஒரு வக்காலத்து

திருத்துறைப்பூண்டி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் ஏறுகிறது
வக்கீல் சூரியகலா ஆபீஸ் மாடிப்படி.
பதினேழு படி.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
நெல்லைத் தொடமாட்டார்கள் என்று
கொள்முதல் நிலைய வாசலில் பதினோரு நாள்
தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாய்க் கிடந்தவள் நான்.
எந்த எண்ணும் எனக்குச் சும்மா வருவதில்லை.

அந்த நெல்லின் பணம்தான் மஞ்சள் பையில்.
கூடவே தோட்டை அடகு வைத்த ரசீது.

குமாஸ்தா பக்கிரிசாமி கேட்டார்:
"கிரிமினலா, குடும்பமா?"
ரெண்டும் என்றேன்.
பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

சொல்லச் சொல்ல அது ரெண்டாக இல்லை.
வீட்டுக்காரர் என்னை அடித்தது வைகாசியில்.
முறைத் தண்ணி வந்த ராத்திரி
மடையில் வைத்து லெனின் அவரை அடித்தது புரட்டாசியில்.
மண்வெட்டிக் காம்பு. தோள்பட்டை எலும்பு.
இடைப்பட்ட நான்கு மாதமும்
ஊரே பேசிக்கொண்டிருந்தது சமாதானம்.
இப்போது தம்பி கிளைச்சிறையில்.
மகள் என்னோடு,
மகளின் ஆதார் அவர் வீட்டு பீரோவில்.

வக்கீலம்மா குறுக்கே பேசவில்லை.
வெள்ளைத்தாளின் நடுவே ஒரு கோடு போட்டார்.
இந்தப் பக்கம் ஜாமீன்.
அந்தப் பக்கம் ஜீவனாம்சம்.
பிறகு பேனாவை ஓரமாய் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஒருநாள் உன் புருஷன் வருவான்.
அவள் ஜீவனாம்சம் கேட்காவிட்டால்
நான் அடிதடி கேஸை ராஜி பண்ணிக்கொள்கிறேன் என்பான்.
கட்டாயம் சொல்வான், இருபது வருஷமாய்ப் பார்க்கிறேன்.
அன்றைக்கு உன் தம்பி வக்கீல் சரி என்று சொல்லவேண்டும்.
உன் வக்கீல் முடியாது என்று சொல்லவேண்டும்.
எனக்கு இருப்பது ஒரு வாய்.
உங்களில் ஒருத்தருக்குத்தான் ஆஜராவேன்."

கீழே யூரியா மூட்டை இறக்கினார்கள்.
ஆறு விழும்வரை நான் பேசவில்லை.

கிளம்பும்போது அம்மா சொல்லி அனுப்பியது:
முதலில் பிள்ளையை வெளியே எடு,
உன்னுது மெல்லப் பார்க்கலாம்.
கடைமடைக்காரிக்குத் தெரியாதா அந்த 'மெல்ல'?
மேட்டூரைத் திறந்தார்கள் என்று டிவி சொன்ன பிறகும்
வாய்க்காலில் நாங்கள் ஆடு கட்டியிருப்போம்.

"உனக்காகத்தானே அடித்தான்" என்கிறது ஊர்.
அடி என்று நான் சொல்லவில்லை.
யாரிடமும் சொல்லாத அதை அங்கே சொன்னேன்.
அவர் எழுதிக்கொள்ளவில்லை,
கேட்டுக்கொண்டார்.

"மன்னார்குடியில் ஒருத்தர் இருக்கிறார்,
உன் தம்பிக்கு நல்லபடியாய்ச் செய்வார்.
உனக்கு யார் என்பதை நீ சொல்."

பாதிப் பணத்தை எண்ணி மேஜையில் வைத்தேன்.
நூறு ரூபாய்த் தாள்களில் இன்னும் உமித் தூசி.

பக்கிரிசாமி வக்காலத்தை நீட்டினார்.
"ரேகையா, கையெழுத்தா?"
கையெழுத்து.
"இனிஷியல் அப்பாதா, வீட்டுக்காரர்தா?"
ஆதாரில் எப்படியோ அப்படி என்றார் உள்ளேயிருந்து வக்கீலம்மா.
ஆக, அவர்மேல் நான் போடும் வழக்கில்
அவருடைய எழுத்தைத்தான் முதலில் போட்டேன்.
பக்கத்தில் ஒரு புள்ளி.
பிறகு என் பெயர், முழுசாய், அவசரமில்லாமல்.

மிச்சத்தைப் பையில் சுருட்டிக்கொண்டு
மன்னார்குடி பஸ் எப்போது என்றேன்.
"பன்னிரண்டு நாற்பது. வந்தால்தான் வந்தது."

தம்பியிடம் என்ன சொல்வாய் என்று
யாராவது கேட்பார்கள் என
படி இறங்கும்வரை பார்த்தேன்.